கோப்புக்குள் ஒரு ஹார்டு டிஸ்க்: அதிலிருந்து நிஜக் கம்ப்யூட்டர் எப்படிக் கிளம்புகிறது?

கடலூர் புதுப்பாளையத்தில் ஓர் அக்கா, டைப்பிங்கும் டேலியும் சொல்லித்தரும் சிறிய கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார். எட்டு கம்ப்யூட்டர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எனக்கு போன் வரும். "தம்பி, பசங்க மறுபடியும் என்னமோ பண்ணி வெச்சிருக்காங்க. வந்து ஓஎஸ் போட்டுக் குடுத்துட்டுப் போ." மஞ்சக்குப்பத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். எட்டையும் ஃபார்மேட் அடித்து, விண்டோஸ் போட்டு, தமிழ் எழுத்துருக்களையும் பிரிண்டர் டிரைவரையும் ஏற்றி முடிக்க ஒன்றரை நாள் ஓடிவிடும்.

போன தடவை ஒரு யோசனை சொன்னேன். "அக்கா, இனிமே விண்டோஸை ஹார்டு டிஸ்க்ல நேரா போட வேணாம். ஒரு விர்ச்சுவல் டிஸ்க்ல போட்டு அதுல இருந்து கிளம்புற மாதிரி வெச்சுடறேன். கெட்டுப்போனா ஒரு நிமிஷத்துல பழைய நிலைக்குக் கொண்டுவந்துடலாம்."

அவர் உடனே கேட்டார்: "ஏன் தம்பி, விர்ச்சுவல்னா பொய்னுதானே அர்த்தம்? பொய் டிஸ்க்ல இருந்து நெஜக் கம்ப்யூட்டர் எப்படிக் கிளம்பும்? கிளம்புனாலும் ஸ்லோவாத்தானே ஓடும்?"

இந்தக் கேள்விக்கு எங்கள் தொழிலில் இருப்பவர்களே ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். ஒருவர் இதை "விஎம் போடுறது" என்கிறார். இன்னொருவர் "இமேஜ் எடுத்து வைக்கிறது" என்கிறார். "ஐஎஸ்ஓல பூட் பண்றதுதானே" என்று கேட்பவரும் உண்டு. மூன்றுமே வேறு வேறு விஷயங்கள். அக்காவுக்கு டீ ஆறுவதற்குள் சொன்ன பதிலை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

விர்ச்சுவல் என்பதற்குத் தமிழில் 'மெய்நிகர்' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. அதில் பொய் எங்கும் இல்லை. மெய்க்கு நிகரானது, அவ்வளவுதான். இந்த விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஏன் என்று புரிய, டிஸ்க் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## டிஸ்க் என்பது எண் போட்ட அறைகள்

திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறோம். செருப்பை விட்டால் ஒரு டோக்கன் கிடைக்கிறது. திரும்பி வந்து டோக்கனை நீட்டினால் நம் செருப்பு கைக்கு வருகிறது. அது உள்ளே எந்தத் தட்டில் இருந்தது, இடையில் வேறு மூலைக்கு நகர்ந்ததா என்றெல்லாம் நாம் கேட்பதில்லை. எண்ணைக் கொடுத்தால் பொருள் வர வேண்டும். நமக்கு வேண்டியது அதுதான்.

கம்ப்யூட்டருக்கும் ஹார்டு டிஸ்குக்கும் இருக்கும் உறவு இதேதான். டிஸ்க் முழுவதும் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டு, 0 முதல் வரிசையாக எண் போடப்பட்டிருக்கும். ஓர் அறைக்கு செக்டார் என்று பெயர். வழக்கமாக ஒரு செக்டாரில் 512 பைட் அடங்கும். அந்தக் கணக்கில் 1 டிபி ஹார்டு டிஸ்கில் சுமார் 195 கோடி செக்டார்கள். கம்ப்யூட்டர் டிஸ்கிடம் பேசுவது பெரும்பாலும் இரண்டே வாக்கியங்கள்: "இந்த எண்ணில் இருப்பதைக் கொடு", "இந்த எண்ணில் இதை வை".

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் சரியாகப் பதில் சொல்லும் எதுவும் கம்ப்யூட்டரின் கண்ணுக்கு டிஸ்க்தான். உள்ளே சுழலும் தட்டு இருக்கிறதா, சில்லு இருக்கிறதா என்று அது எட்டிப் பார்ப்பதில்லை.

நீங்கள் இப்போது வைத்திருக்கும் எஸ்எஸ்டியையே (சுழலும் தட்டு இல்லாத, சில்லால் ஆன டிஸ்க்) எடுத்துக்கொள்ளுங்கள். 5000-ம் செக்டாரில் எழுதச் சொன்னால், அது உள்ளே காலியாக இருக்கும் ஏதோ ஓர் இடத்தில் எழுதிவிட்டு, "5000 இப்போது இங்கே" என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. நாளை அதே 5000-ல் மறுபடி எழுதினால் இடம் மாறும், அட்டவணையும் மாறும். ஃபிளாஷ் சில்லில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் அப்படியே எழுத முடியாது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதி அழித்தால் அந்த இடம் தேய்ந்தும் போகும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆக, கடையில் காசு கொடுத்து வாங்கிய "நிஜ" டிஸ்கிலேயே செக்டார் எண் என்பது ஒரு டோக்கன்தான், இடம் அல்ல. அக்காவுக்குப் பொறி தட்டியது இந்த இடத்தில்தான்.

இதுவரை: டிஸ்க் என்பது ஒரு பொருள் என்பதைவிட ஒரு வேலை என்று நினைத்துக்கொள்வது நல்லது. எண்ணைக் கேட்டால் உள்ளடக்கத்தைத் தருவதும், எண்ணோடு கொடுத்தால் வாங்கி வைப்பதும்தான் அந்த வேலை.

## ஒரு கோப்பு அந்த வேலையைச் செய்தால்?

கோப்பு என்பதும் பைட்டுகளின் நீண்ட வரிசைதான். 60 ஜிபி அளவில் ஒரு பெரிய கோப்பை உருவாக்கி, அதை மனதுக்குள் 512 பைட் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். யாராவது 5000-ம் செக்டாரைக் கேட்டால் 5000-ஐ 512-ஆல் பெருக்கினால் போதும். கோப்பின் தொடக்கத்திலிருந்து 25,60,000 பைட் தள்ளிப் போய், அங்கிருந்து 512 பைட் எடுத்துக் கொடுக்கலாம். இந்தப் பெருக்கலைச் செய்ய ஒரு சிறு நிரல் இருந்தால் அந்தக் கோப்பு ஒரு டிஸ்காகிவிடும். அதை ஃபார்மேட் செய்யலாம், பார்டிஷன் எனப்படும் தனிப் பகுதிகளாகப் பிரிக்கலாம், விண்டோஸ் போடலாம். இப்படி டிஸ்க் போல நடந்துகொள்ளும் கோப்புதான் விர்ச்சுவல் டிஸ்க்.

விண்டோஸ் உலகில் இதற்கு விஎச்டி என்ற வடிவம் இருக்கிறது. கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் தன் விர்ச்சுவல் பிசி மென்பொருளுக்காக இதை உருவாக்கியது. 2003-ல் அந்த மென்பொருள் மைக்ரோசாஃப்ட் கைக்கு வந்தது. 2006-ல் விஎச்டி வடிவத்தின் விவரங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று மைக்ரோசாஃப்ட் திறந்துவிட்டது. இன்றைக்கும் ஒரு விஎச்டி கோப்பின் கடைசி 512 பைட்டைத் திறந்து பார்த்தால், கனெக்டிக்ஸின் ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்தைக் குறைத்து எட்டு எழுத்தாக்கிய அடையாளச் சொல் அங்கே இருக்கும். அந்தக் கடைசி 512 பைட்டில்தான் "நான் ஒரு டிஸ்க், என் அளவு இவ்வளவு" என்ற விவரம் எழுதியிருக்கும்.

2012-ல் இதன் அடுத்த தலைமுறையாக விஎச்டிஎக்ஸ் வந்தது. பழைய விஎச்டியின் உச்ச வரம்பு 2040 ஜிபி. புதியதற்கு 64 டிபி. நம் ஊருக்கு முக்கியமானது வேறொன்று. விஎச்டிஎக்ஸ், தன் உள் அட்டவணைகளை மாற்றுவதற்கு முன் "இதை மாற்றப் போகிறேன்" என்று ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறது. பாதியில் கரண்ட் போனால், அடுத்த தடவை அந்தக் குறிப்பைப் பார்த்து அட்டவணையைச் சரிசெய்துவிடும். புயல் மழை மாதங்களில் கரண்ட் எப்படி வந்து போகும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேறு கட்டாயம் இல்லாவிட்டால் விஎச்டிஎக்ஸையே எடுங்கள்.

## இது விஎம் இல்லை

பெரிய குழப்பம் இங்கேதான். விஎம், அதாவது விர்ச்சுவல் மெஷின், என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கம்ப்யூட்டர். அதுவும் விர்ச்சுவல் டிஸ்கைப் பயன்படுத்துவதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார். முன்பக்க அறையில் நீங்கள் குடித்தனம். தண்ணீர் மோட்டார் அவர் கட்டுப்பாட்டில். சமையலறையில் அவர் ஒதுக்கிய நேரம், அவர் ஒதுக்கிய அடுப்பு. ஒவ்வொன்றையும் அவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இதுதான் விஎம். வீட்டுக்காரர் என்பது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ். குடித்தனக்காரர் அதற்குள் ஓடும் இரண்டாவது விண்டோஸ். 8 ஜிபி ரேமை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் முழுதாகக் கைக்கு வராது. "ஸ்லோவா ஓடுமே" என்ற பயம் இங்கிருந்து வந்ததுதான்.

இப்போது அதே வீட்டில், வீட்டுக்காரர் வெளியூர் போய்விட்டார். முழு வீடும் உங்களிடம். மோட்டார், அடுப்பு, மாடி எல்லாம் உங்கள் கையில். ஒரே ஒரு வித்தியாசம்: உங்கள் துணிமணி, பாத்திரம், பத்திரம் எல்லாம் ஒரே டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. எடுப்பதும் அதிலிருந்து, வைப்பதும் அதில். அந்தப் பெட்டிதான் விஎச்டி கோப்பு. விர்ச்சுவல் டிஸ்கிலிருந்து நிஜக் கம்ப்யூட்டரை பூட் செய்வது என்பது இதுதான். (பூட் என்பது பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து இயங்குதளம் முழுதாக எழுந்து நிற்பது வரை நடக்கும் வேலை.)

ஆகவே ரேம் நிஜம், பிராசசர் நிஜம், கிராபிக்ஸ் கார்டு நிஜம், கீபோர்டு நிஜம். டிஸ்க் ஒன்றுதான் மெய்நிகர். அந்த டிஸ்கின் வேகத்தில் வரும் குறைவும், ஒரு பெருக்கல் கணக்குப் போட ஆகும் நேரம் மாதிரிதான். டைப்பிங், டேலி, பிரவுசர் வேலைகளில் என்னால் வித்தியாசம் சொல்ல முடிந்ததில்லை.

இதுவரை: விஎம் என்றால் கம்ப்யூட்டரே மெய்நிகர். இங்கே கம்ப்யூட்டர் நிஜம், டிஸ்க் மட்டும் கோப்பு.

'இமேஜ்' என்ற சொல்லும் இதே மாதிரி குழப்புகிறது. ஐஎஸ்ஓ என்பது ஒரு சிடி அல்லது டிவிடியின் நகல். அதைப் படிக்கலாம், ஆனால் அதற்குள் நாளெல்லாம் வேலை செய்து சேமிக்க முடியாது. விம் என்பது விண்டோஸின் கோப்புகளைச் சுருக்கி மூட்டை கட்டிய பொதி. பிரித்து வேறோர் இடத்தில் கொட்டினால்தான் உதவும். விஎச்டியோ அப்படியே வாழத் தகுந்த, எழுதவும் படிக்கவும் முடிந்த முழு டிஸ்க். மூன்றையும் "இமேஜ்" என்று ஒரே பேரில் சொல்வதால்தான் கடைக்குக் கடை பேச்சு முட்டிக்கொள்கிறது.

## சாவி பெட்டிக்குள் இருந்தால்?

அக்காவின் கேள்வியில் மிக நல்ல பகுதி "எப்படிக் கிளம்பும்?" என்பது. யோசித்தால் அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கோப்பைத் திறந்து படிக்கத் தெரிந்தது விண்டோஸ். அந்த விண்டோஸ் இருப்பதோ கோப்புக்குள். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. அப்போது முதலில் திறப்பது யார்?

பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கும் உதிரிச் சாவிதான் பதில். அது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ. பழைய பயாஸின் இடத்தில் இன்று இருப்பது இது. அதற்கு விஎச்டி என்றால் என்னவென்று தெரியாது. டிஸ்கில் இதற்கென்றே ஒதுக்கிய, வழக்கமாக 100 எம்பி அளவுள்ள ஒரு சிறு பார்டிஷனைத் தேடி, அங்கே இருக்கும் பூட் மேனேஜரை எழுப்பிவிடுவதோடு அதன் வேலை முடிகிறது. இந்தச் சிறு பார்டிஷன் நிஜ டிஸ்கில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். உதிரிச் சாவி பெட்டிக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

பூட் மேனேஜரிடம் பிசிடி என்ற ஒரு பட்டியல் உண்டு. இந்தக் கம்ப்யூட்டரில் எத்தனை இயங்குதளங்கள், ஒவ்வொன்றும் எங்கே என்று அதில் எழுதியிருக்கும். வழக்கமாக "இந்த டிரைவில்" என்று இருக்கும். நம் ஏற்பாட்டில் "இந்த டிரைவில், இந்த ஃபோல்டரில், இந்தக் கோப்புக்குள்" என்று இருக்கும். கம்ப்யூட்டர் எழும்போது நீலத் திரையில் இரண்டு பெயர்களைக் காட்டி "எது வேண்டும்?" என்று கேட்பது இந்தப் பட்டியலை வைத்துத்தான்.

நாம் தேர்ந்ததும் பூட் பகுதியில் இருக்கும் சிறு நிரல் அந்தக் கோப்பைக் கண்டுபிடித்து, அதன் அறைக் கணக்கைப் புரிந்துகொண்டு, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையும் அவசியமான டிரைவர்களையும் மட்டும் எடுத்து ரேமில் வைக்கிறது. டிரைவர் என்பது ஒரு வன்பொருளோடு பேசத் தெரிந்த மென்பொருள். அப்படி ரேமுக்கு ஏறும் டிரைவர்களில் ஒன்றுதான் விஎச்டியைத் திறக்கத் தெரிந்த டிரைவர்.

இப்போது கெர்னல் எழுந்துவிட்டது; உதிரிச் சாவிக்காரர் விலகிவிடுவார். கெர்னல் தன் சொந்த டிரைவரால் நிஜ டிஸ்கைப் பிடிக்கிறது, அதில் அந்தக் கோப்பைத் தேடுகிறது, விஎச்டி டிரைவரால் அதைத் திறந்து டிஸ்காக மாட்டிக்கொள்கிறது. அதையே சி டிரைவ் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதிலிருந்து எடுக்கத் தொடங்குகிறது. கோப்பு இரண்டு தடவை திறக்கப்படுகிறது என்பதுதான் இதில் சூட்சுமம்: முதலில் பூட் நிரலால் கொஞ்சமாக, பிறகு கெர்னலால் முழுமையாக.

பூட் பகுதிக்கு விஎச்டியைப் படிக்கும் திறமை 2009-ல் விண்டோஸ் 7-ஓடு வந்தது. அப்போது அதன் எண்டர்பிரைஸ், அல்டிமேட் பதிப்புகளுக்கு மட்டும். விண்டோஸ் 8 முதல் விஎச்டிஎக்ஸிலிருந்தும் கிளம்பலாம். பழைய விண்டோஸ் எக்ஸ்பியை இப்படிக் கிளப்ப முடியாததற்குக் காரணம் அதற்கு இந்த உதிரிச் சாவி தரப்படவே இல்லை என்பதுதான்.

இதுவரை: நிஜ டிஸ்கில் இருக்கும் பூட் மேனேஜர் கோப்பைத் தேடிக் கெர்னலை எழுப்புகிறது. எழுந்த கெர்னல் கோப்பைத் தானே திறந்து சி டிரைவாக வைத்துக்கொள்கிறது.

உருவாக்குவதும் இதே வரிசைதான். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒரு விஎச்டிஎக்ஸ் கோப்பை உருவாக்கி மாட்ட வேண்டும். விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் விம் பொதியை அதில் பிரித்துக் கொட்ட வேண்டும். டிஸம் என்ற கருவி அதைச் செய்யும். பிறகு பிசிடிபூட் என்ற கட்டளையால் பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கோப்பு இருக்கும் டிரைவ் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபார்மேட்) ஆக இருக்கட்டும். கோப்பு சுருக்கப்பட்டதாகவோ என்கிரிப்ட் செய்யப்பட்டதாகவோ இருக்கக் கூடாது.

## மூன்று வகைப் பெட்டிகள்

முதல் வகை நிலையான அளவு. 60 ஜிபி என்றால் உருவாக்கும்போதே 60 ஜிபி இடம் பிடித்துவிடும். மேலே சொன்ன பெருக்கல் கணக்கு இந்த வகைக்குத்தான் அப்படியே பொருந்தும். புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, தேவைக்கேற்ப வளர்வது. உள்ளே 10 ஜிபி இருந்தால் கோப்பும் கிட்டத்தட்ட 10 ஜிபிதான். எந்த அறை கோப்பில் எங்கே இருக்கிறது என்று செருப்பு டோக்கன் போல ஓர் அட்டவணை வைத்திருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதிலிருந்து நிஜக் கம்ப்யூட்டரை பூட் செய்யும்போது, அது தன் உச்ச அளவுக்குத் தேவையான முழு இடத்தையும் கேட்கும். நான் இதை அனுபவித்துத்தான் கற்றுக்கொண்டேன். என் லேப்டாப்பில் 70 ஜிபி காலி இருந்தது. 120 ஜிபி வரை வளரலாம் என்று ஒரு கோப்பை உருவாக்கினேன். உள்ளே விண்டோஸ் 25 ஜிபிகூட இல்லை. பூட் செய்ததும் நீலத் திரை, டிரைவில் இடம் போதவில்லை என்று. ராத்திரி இரண்டு மணி வரை ரேமையும் எஸ்எஸ்டியையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். வளரும் வகையை எடுத்தால், உச்ச அளவு காலி இடத்துக்குள் அடங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. அக்காவின் சென்டருக்கு மருந்தும் அதுதான். வித்தியாச டிஸ்க் என்று சொல்லலாம். வீட்டு பிளான் ஒன்று இருக்கிறது. அதன் மேல் ஒரு டிரேசிங் பேப்பரை வைத்து, மாற்றங்களையெல்லாம் பேப்பரில் மட்டும் வரைகிறீர்கள். மேலிருந்து பார்த்தால் பிளானும் மாற்றமும் சேர்ந்து ஒரே படமாகத் தெரியும். பிடிக்கவில்லையா? டிரேசிங் பேப்பரைக் கிழித்துவிட்டுப் புதியதை வையுங்கள். பிளான் அப்படியே இருக்கும்.

தாய்க் கோப்பில் விண்டோஸ், டேலி, எழுத்துருக்கள், பிரிண்டர் எல்லாம் சுத்தமாக இருக்கும். பிள்ளைக் கோப்பு வெறுமையாகத் தொடங்கும். மாணவர்கள் பூட் செய்வது பிள்ளைக் கோப்பை. அவர்கள் எழுதுவது எல்லாம் அதில் விழும். படிக்கும்போது பிள்ளையில் இல்லாததைத் தாயிடமிருந்து எடுத்துக்கொள்ளும். கெட்டுப்போனால் பிள்ளைக் கோப்பை நீக்கிவிட்டு அதே பெயரில் ஒரு வெற்றுப் பிள்ளையை வைத்தால் போதும். பெயர் மாறாததால் பிசிடி பட்டியலையும் தொட வேண்டாம்.

இரண்டு நிபந்தனைகள். தாயும் பிள்ளையும் ஒரே டிரைவில் இருக்க வேண்டும். பிள்ளை உருவான பிறகு தாயை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது. அடியில் இருக்கும் பிளானை நகர்த்திவிட்டால் டிரேசிங் பேப்பரில் வரைந்த கோடுகள் எல்லாம் தப்பான இடத்தில் நிற்கும் இல்லையா, அதே கதி.

## நம்பி ஏமாறும் இடங்கள்

"தனிப் பெட்டிதானே, வைரஸ் வந்தாலும் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்" என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தவறு. வீடு முழுக்க உங்கள் கையில் என்றோமே, வீட்டுக்காரரின் பீரோவும் அதில் அடக்கம். விஎச்டியிலிருந்து எழுந்த விண்டோஸ் தன்னைச் சி டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும். நிஜ டிஸ்கின் பார்டிஷன் டி என்றோ ஈ என்றோ பக்கத்திலேயே தெரியும். உங்களால் அதில் எழுத முடியும் என்றால் வைரஸாலும் முடியும். தாய்க் கோப்புகூட அந்த டிரைவில்தான் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. அந்தக் கோப்பிலிருந்து கிளம்பி ஓடும்போது அதை நீக்க முடியாது. ஆனால் வீட்டுக்காரர் விண்டோஸில், அதாவது நிஜ டிஸ்கில் நேராகப் போட்டிருக்கும் விண்டோஸில், இருக்கும்போது அது வெறும் கோப்பு. "இது என்ன 60 ஜிபி, இடத்தை அடைச்சுக்கிட்டு" என்று யாராவது டிலீட் அடித்தால் ஒரு முழுக் கம்ப்யூட்டரின் உள்ளடக்கமும் போய்விடும்.

இதையெல்லாம்விட மோசமான நம்பிக்கை, விஎச்டியே ஒரு பேக்கப் என்பது. பெட்டி வீட்டுக்குள் இருக்கிறது. வீடு எரிந்தால் பெட்டியும் எரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் தென்பெண்ணை கரைபுரண்டு வந்தபோது, அடுத்த வாரம் முழுக்கச் சேறு படிந்த சிபியுக்களைத்தான் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரே ஹார்டு டிஸ்கில் எத்தனை நகல் வைத்திருந்தாலும் அன்றைக்கு அது ஒரு நகல்தான்.

ஆனால் பேக்கப் எடுப்பதை இது மிக எளிதாக்கும். வீட்டுக்காரர் விண்டோஸில் எழுந்து, அந்த ஒரே கோப்பை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்குக்கு நகல் எடுத்தால் முழுக் கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. நொடிக்கு 100 எம்பி போனால் 60 ஜிபிக்குப் பத்து நிமிடம். அந்த டிஸ்க் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டாக வைத்துக்கொள்ளுங்கள். நகலை வேறொரு வீட்டில், மேல் தட்டில் வையுங்கள்.

## எப்போது வேண்டாம்

பழைய டிடிபி மென்பொருளுக்காக விண்டோஸ் 7-ஐ விடாமல் வைத்திருக்கும் அச்சகக்காரர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். "புதுக் கம்ப்யூட்டர் வாங்கிட்டேன், அதுல விண்டோஸ் 7-ஐ விஎச்டியா போட்டுக் குடு தம்பி" என்று கேட்பார்கள். நான் மறுத்துவிடுகிறேன். டிஸ்க் மட்டும்தான் மெய்நிகர், மற்றதெல்லாம் நிஜம் என்றோமே, அதன் விலை இங்கே தெரியும். புது மதர்போர்டின் யூஎஸ்பி 3-க்கும் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் விண்டோஸ் 7-ல் இயல்பாக டிரைவர் கிடையாது. எழுந்தாலும் மவுஸ் நகராது. இவர்களுக்கு விஎம்தான் சரி. அங்கே வீட்டுக்காரர் பழைய குடித்தனக்காரருக்குப் புரிகிற மாதிரி பழைய மோட்டார், பழைய அடுப்பு என்று மென்பொருளால் செய்து கொடுத்துவிடுவார். 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு நின்றுவிட்டதால், அந்த விஎம்முக்கு இணையத்தைத் துண்டித்தே கொடுக்கிறேன்.

கோப்பு இருக்கும் டிரைவ் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தாலும் இது நடக்காது. புது லேப்டாப்கள் பலவற்றில் இந்தப் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். ஹைபர்னேட் (ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அணைவது) கிடையாது, ஸ்லீப் உண்டு. மாதாந்திர அப்டேட்கள் வழக்கம்போல வரும், ஆனால் முழு செட்டப் ஓடும் பெரிய பதிப்பு உயர்வை விஎச்டிக்குள் விண்டோஸ் ஏற்காது. வீட்டுக்காரர் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் அணைத்துவிடுங்கள்; அது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் வீட்டுக்காரர் முழுதாக வெளியேறியிருக்க மாட்டார்.

ஒரு கம்ப்யூட்டரில் செய்த கோப்பை வேறு மாடல் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவதாக இருந்தால், முதலில் சிஸ்பிரெப் என்ற கருவியால் பழைய கம்ப்யூட்டரின் அடையாளங்களை நீக்க வேண்டும். அக்காவின் எட்டும் ஒரே மாடலாக இருந்தது எனக்குப் பெரிய உதவி.

## லினக்ஸில்

இதே யோசனை லினக்ஸில் முன்பே இருந்தது. ஒரு கோப்பை டிஸ்காக மாட்டும் லூப் டிவைஸ் அதன் கெர்னலிலேயே உண்டு. 2008-ல் உபுண்டுவோடு வந்த வுபி, விண்டோஸ் டிரைவில் ஒரே கோப்பாக உபுண்டுவை வைத்து அதிலிருந்து கிளப்பியது. இன்று சர்வீஸ்காரர்கள் பையில் இருக்கும் வென்டாய் பென் டிரைவும் இதே குடும்பம்தான்: ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே போட்டு வைத்தால் எழும்போது பட்டியல் காட்டும், விஎச்டியையும் கிளப்பத் தெரியும்.

## புதுப்பாளையத்தில் இப்போது

எட்டு கம்ப்யூட்டரிலும் 240 ஜிபி எஸ்எஸ்டி. ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரராக ஒரு சிறு விண்டோஸ், 'பெட்டி' என்ற ஃபோல்டரில் 60 ஜிபி தாய்க் கோப்பு, பக்கத்தில் பிள்ளைக் கோப்பும் அதன் வெற்று நகலும். மாணவர் கணக்குகளுக்கு அட்மின் உரிமை இல்லை, நிஜ டிரைவில் எழுதும் உரிமையும் இல்லை. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும், பசங்களின் பயிற்சிக் கோப்புகளை அக்கா பென் டிரைவில் எடுத்துக்கொள்கிறார். பிறகு ஒவ்வொன்றையும் ரீஸ்டார்ட் செய்து வீட்டுக்காரர் விண்டோஸுக்குள் போய், டெஸ்க்டாப்பில் நான் வைத்த ஒரு ஐகானை இரண்டு தடவை அழுத்துகிறார். வெற்று நகல் பிள்ளையின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எட்டுக்கும் சேர்த்து இருபது நிமிடம்.

தாய்க் கோப்பின் நகல் ஒன்று வண்டிப்பாளையத்தில் அவர் அம்மா வீட்டில், பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது. எட்டு மானிட்டர்களின் ஓரத்திலும் அக்காவே தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்: "பெட்டி ஃபோல்டரைத் தொடாதீர்கள். அதற்குள்தான் இந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது."